மரத்துப்போன இடக்கை

வெள்ளைச் சட்டைக் காலரில் முதலில் ஒரு புள்ளிதான் தெரிந்தது. அடுத்த சட்டையில் இரண்டு. பதினொன்றாவது சட்டையை எடுக்கும்போதுதான் அது ரத்தம் என்று அவளுக்கு உறைத்தது. எவள் கையைக் குத்திக்கொண்டாளோ என்று சுற்றிலும் பார்த்தாள். கடைசியில் பார்த்தால், அவளுடைய இடக்கை ஆள்காட்டி விரலிலேயே உடைந்த தையல் ஊசியின் முனை ஏறியிருந்தது. துளிகூட வலிக்கவில்லை.

தைத்து வரும் சட்டைகளைச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. பதினாறு வருடம். பிசிறு எங்கே, தையல் எங்கே விட்டிருக்கிறது என்று கண் பார்ப்பதற்கு முன்பே அந்த இடக்கை சொல்லிவிடும். சூப்பர்வைசர் பதினொரு சட்டையையும் தூக்கிப் பார்த்தான்.

"உடம்பப் பாத்துட்டு வாங்கக்கா. டாக்டர் சீட்டு இல்லாம இனி உங்கள மேசையில உக்கார வைக்க முடியாது."

சீட்டா கிடைத்தது? ஐந்து மாதம் நாயாய் அலைந்ததுதான் மிச்சம். முதல் டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். இரண்டாமவர் கழுத்துத் தேய்மானம் என்று பட்டை மாட்டிவிட்டார். வலக்கண்ணில் சிவப்பு நிறம் துவைத்துத் துவைத்து வெளுத்ததுபோலத் தெரிந்தது. கண் டாக்டர் புதுக் கண்ணாடி கொடுத்தார். தலையைக் குனிந்தால் கழுத்திலிருந்து இடுப்புவரை சுரீரென்று மின்சாரம் பாய்கிறது என்று சொன்னதற்கு, மூன்றாவது டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையாம்மா?" என்றார். அந்த மேசையைக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கலாம் என்று இன்றைக்கும் அவளுக்கு ஆத்திரமாக வரும்.

கடைசியில் நரம்பு டாக்டரம்மாதான் முழுதாகக் கேட்டார்.

"மல்டிபிள் ஸ்க்லரோசிஸா இருக்குமோன்னு சந்தேகம். வயர் மேல பிளாஸ்டிக் உறை இருக்கில்ல, நரம்புக்கும் அப்படி ஒண்ணு இருக்கு. உடம்போட எதிர்ப்புச் சக்தியே அதை அரிச்சிடும். ஒரே டெஸ்ட்ல சொல்ல முடியாதும்மா. கண்ணுக்கு ஒண்ணு, மூளைக்கும் முதுகுக்கும் ஸ்கேன், தேவைப்பட்டா முதுகுல ஊசி போட்டு நீர் எடுப்போம்."

"அப்பவாவது இதுதான்னு ஒரு பேர் சொல்லிடுவீங்களா?"

"பாப்போம்," என்றார் டாக்டரம்மா. இன்னொரு பாப்போம்.

அன்று சாயங்காலம் வெந்நீரில் குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். சோப்பு வாசனையும் ஆவியும் அறை முழுக்க நிறைந்திருந்தன. குழாயிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பின்னாலிருந்து இரண்டு கைகள் விலாவைச் சுற்றி வளைத்து மெல்ல இறுக்கின.

"விடுங்க, மூச்சு முட்டுது," என்றாள்.

"என்ன விடணும்?" என்று கேட்டுக்கொண்டே கணவன் வாசல் கதவைத் திறந்து அப்போதுதான் உள்ளே வந்தான். கண்ணாடியில் அவள் மட்டும் நின்றாள். இறுக்கம் இன்னும் தளரவில்லை.

டாக்டரம்மாவிடம் போனில் சொன்னால் அதற்கும் பதில் தயாராக இருந்தது. இந்த நோயில் நெஞ்சைச் சுற்றி அப்படி இறுக்குமாம், சூடு பட்டால் அதிகமாகுமாம். கண் டெஸ்டில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறி மின்னின. வலக்கண்ணால் மட்டும் பார்த்தபோது திரையின் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு சாம்பல் கறை நின்றது. அதுவும் நரம்பு வீக்கமாம். பார்த்தது மூளைக்குத் தாமதமாகப் போய்ச் சேருகிறதாம். எதைச் சொன்னாலும் ஒரு விளக்கம். சீட்டு மட்டும் வரவில்லை.

"ஸ்கேனுக்கு நான் கூட வரட்டுமா?" என்றான் கணவன்.

"வந்து? போன் பாக்கறதாலதான் எல்லாம்னு அங்கயும் சொல்வீங்க. வேணாம், நானே போய்க்கிறேன்."

ஸ்கேன் அறை குளிரில் விறைத்தது. மருந்து நெடி மூக்கில் ஏறியது. டெக்னீஷியன் மருந்தேற்ற வலக்கையில் ஊசி குத்திவிட்டு, இடக்கையில் ஒரு ரப்பர் பந்தைத் திணித்தான்.

"முடியலன்னா இதை அமுக்குங்க மேடம். எனக்கு மணி அடிக்கும்."

"அந்தக் கையிலதாங்க உணர்ச்சியே இல்ல. அதுக்குத்தான வந்திருக்கேன்."

"வலது கைய அசைக்கக் கூடாது மேடம். எல்லாரும் சும்மாதான் வச்சிருப்பாங்க, பயப்படாதீங்க."

சொன்னால் எவன் கேட்கிறான்! முகத்துக்கு மேல் கூண்டை மாட்டினான். கூண்டில் பதித்த சின்னக் கண்ணாடியில் அவள் பாதங்களும், அவற்றுக்கு அப்பால் ஜன்னலும் தெரிந்தன. ஜன்னலுக்குப் பின்னே போய் அவன் உட்கார்ந்தான். கட்டில் குழாய்க்குள் நகர்ந்தது. மண்டைக்குள் ஆணி அடிப்பதுபோல டக் டக் டக் என்று ஆரம்பித்தது.

எவ்வளவு நேரம் போனதோ தெரியவில்லை. மருந்து ஜில்லென்று வலக்கையில் ஏறியது. அப்போது இறுக்கத் தொடங்கியது. விலாவைச் சுற்றி. மல்லாந்து படுத்திருக்கிறாள், கீழே கட்டில். பின்னாலிருந்துதான் இறுக்கியது.

குளிரில் இது வரக்கூடாதே!

பந்தை அமுக்கினாள். அமுக்கினாளா? தெரியவில்லை. கத்தினாள். இரைச்சல் அதை விழுங்கியது. ஜன்னலில் அவன் குனிந்தே இருந்தான்.

அப்போது இடக்கை விழித்துக்கொண்டது.

ஐந்து மாதத்துக்குப் பிறகு. கட்டைவிரல். உள்ளங்கை. ரப்பரின் சொரசொரப்பு. கடவுளே, கை வந்துவிட்டது! அவளுக்கு அழுகையே வந்தது. வேலை போகாது. சீட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

பிறகு மற்றதும் தெரிந்தது.

அவள் விரல்களின் மேல் விரல்கள். சில்லிட்டவை. சுண்டுவிரலைப் பிரித்தன. மோதிர விரலை. அடுத்ததை. அவசரமே இல்லாமல் பந்தை உருவி எடுத்தன.

இரைச்சல் நின்றது. ஒலிபெருக்கி கரகரத்தது.

"மேடம், கூட வந்தவங்க உள்ள இருக்கக் கூடாதுன்னு வெளியிலயே சொல்லலையா? அவங்கள உடனே வெளிய வரச் சொல்லுங்க."

கண்ணாடியில் டெக்னீஷியன் எழுந்து நின்றான். எரிச்சலோடு ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தான். அவன் பார்த்தது அவளை அல்ல, அவளுக்கு இடப்பக்கம். எரிச்சல் மெல்ல வடிந்தது. வாய் திறந்தது. ஒரு அடி பின்வாங்கினான். கதவு பக்கம் வரவில்லை. ஜன்னல் விளக்கு அணைந்தது.

அவள் விரல் இடுக்குகளில் அந்த விரல்கள் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டன. ஒவ்வொன்றும் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.