நூறு லிட்டர் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை, காலை 6.40.

வலை எடுக்க வந்த மீன்காரர் கோரைப் புதருக்குள் முதலில் பார்த்தது ஒரு செருப்பை. அடுத்த அடியில், அதைப் போட்டிருந்த பெண்ணைப் பார்த்தார். முழங்கால் ஆழத் தண்ணீரில் குப்புறக் கிடந்தாள். கரையில் தண்ணீர் எடுக்கும் குப்பிகள் அடுக்கிய பெட்டி. அத்தனையும் காலி.

"சாம்பிள் எடுக்க வந்து கால் வழுக்கியிருக்கு மேடம். கேஸ் அவ்வளவுதான்," என்றார் எஸ்.ஐ.

இன்ஸ்பெக்டர் குனிந்து தண்ணீரின் ஆழத்தைப் பார்த்தாள். முழங்கால் ஆழத்தில் மூழ்கியவர்களை இருபது வருட வேலையில் அவள் பார்த்திருக்கிறாள். குடிக்காதவர் யாரும் அதில் தானாக மூழ்கியதில்லை.

காலை 10.30.

இறந்தவள் வேலை பார்த்த ஆய்வகம். ஏரித் தண்ணீரில் இருக்கும் வைரஸ்களை எண்ணி வகை பிரிப்பது அங்கே வேலை. அவளும் பேராசிரியரும் மட்டும்தான். சாவியும் இரண்டே.

"ஏரில வைரஸா? குளிக்கிறவன் கதி என்ன சார்?" என்றார் எஸ்.ஐ.

"பயப்படாதீங்க, உங்கள அதுங்க சீண்டாது. பாக்டீரியா, பாசி, இதுங்களத்தான் பிடிக்கும்." பேராசிரியரின் கண்கள் சிவந்திருந்தன. "பதினோரு வருஷமா என்கூட இருந்த பொண்ணு..."

மூலையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி காலியாக இருந்தது. அது எதற்கு என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"ஏரித் தண்ணிய ரொம்ப மெல்லிசான வடிதாள்ல விடுவோம். பாசி, பாக்டீரியா எல்லாம் தாள்லயே நின்னுரும். வைரஸ் மட்டும் தண்ணியோட தொட்டிக்கு வரும். அப்புறம் அதத் திரட்டி ஒரு சின்னக் குப்பில அடைச்சிருவோம்."

"கடைசியா எப்ப வடிச்சீங்க?"

"போன மாசம். இந்த வாரம் தொட்டியத் தொடவே இல்ல."

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"அஞ்சு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டேன். அவ ஏரிக்குப் போறேன்னு சொன்னா."

தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு சீட்டு. இறந்தவள் எழுதியது: 'இதில் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். வைரஸ் பாவம்.' படித்தபோதே இன்ஸ்பெக்டருக்கு மூக்கு அரித்தது. தொட்டிக்குள்ளிருந்து, நீச்சல்குளத்தில் வரும் அதே நெடி.

பேராசிரியர் உறைபெட்டியைத் திறந்து காட்டினார். வெள்ளித்தாளில் சுற்றிய பொட்டலங்கள் வரிசை வரிசையாக இருந்தன. "யூஸ் பண்ண வடிதாளக்கூடத் தூக்கிப் போட மாட்டோம். தேதி எழுதி வெச்சிருவோம். அதுவே எங்களுக்குச் சொத்து."

புதன், காலை 11.00.

"திங்கக்கிழமை சாயங்காலம் ஆறிலேர்ந்து எட்டுக்குள்ள உயிர் போயிருக்கு," என்றார் பிரேதப் பரிசோதனை டாக்டர். "மூழ்கித்தான் செத்திருக்கா. பின்கழுத்துல விரல் தடம் இருக்கு. ஆனா ஏரில மூழ்கல. மூக்கிலயும் தொண்டையிலயும் பாசி இருக்கு. நுரையீரலுக்குள்ள ஒரு துளி பாசி இல்ல. உள்ள போனது சுத்தமான தண்ணி."

எஸ்.ஐ. துள்ளி எழுந்தார். "வீட்டு பாத்ரூம்! அமுக்கிட்டுக் கொண்டுபோய்ப் போட்டிருக்கான். புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஞாயித்துக்கிழமை சண்டைன்னு பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்லுது."

பிற்பகல் 2.00.

புருஷன் தையல்காரன். விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. வெளியே பெஞ்சில் நாலு வயது மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொந்தபந்தம் கிடையாது. அப்பாவை உள்ளே தள்ளினால் குழந்தைக்குக் காப்பகம்தான்.

"சண்டை எதுக்கு?"

"எந்நேரமும் வேலையே கதின்னு இருக்கியேன்னு கேட்டேன் மேடம். அவ்ளோதான்."

"திங்கக்கிழமை சாயங்காலம்?"

"வீட்லதான். நானும் பாப்பாவும்."

"வேற சாட்சி?"

அவன் போனை நீட்டினான். திங்கள், 5.50க்கு அவள் அனுப்பிய செய்தி: 'வெறும் தண்ணிலயும் அது வந்துருச்சு. சார்கிட்ட பேசணும். லேட்டாகும். பாப்பாக்குச் சோறு போட்ரு.'

"வெறும் தண்ணில என்ன வரும்?" என்று எஸ்.ஐ. உறுமினார். "மேடம், எஃப்.ஐ.ஆர்.ல பேரச் சேத்துரலாம்."

"நாளைக்குப் பாக்கலாம்," என்றாள் இன்ஸ்பெக்டர். நுரையீரல் தண்ணீரில் கொஞ்சம் ஏற்கெனவே வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

வியாழன், பிற்பகல் 3.20. போனில், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் குரல்.

"பாசி துளிகூட இல்ல. பாக்டீரியாவும் இல்லேன்னே சொல்லலாம். ஆனா வைரஸ் ஒரு ஸ்பூனுக்கு அஞ்சு கோடி."

"குழாய்த் தண்ணில அவ்வளவு இருக்குமா?"

"சான்ஸே இல்ல. இது ஏரித் தண்ணிதான் மேடம். மத்த எல்லாத்தையும் யாரோ வடிச்சு எடுத்திருக்காங்க."

வெள்ளி, காலை 9.10.

இன்ஸ்பெக்டர் நேராக உறைபெட்டிக்குப் போனாள். கடைசி வரிசையிலிருந்து எட்டுப் பொட்டலங்களை எடுத்து மேசையில் பரப்பினாள்.

"சார், இது யார் கையெழுத்து?"

பேராசிரியர் உறைபெட்டியின் கதவைச் சாத்தினார்.

"உங்களுதுதான். தேதி திங்கக்கிழமை. ஏரித் தண்ணி, மொத்தம் நூறு லிட்டர். வடிதாள் இங்க இருக்கு. திரட்டின குப்பி ஒண்ணும் காணோம். வடிச்ச தண்ணி எங்க சார்?"

இன்ஸ்பெக்டர் காலித் தொட்டியைக் காட்டினாள்.

"நான் சொல்றேன். அன்னைக்குத் தொட்டி நிறைய இருந்துச்சு. அவ உங்ககிட்ட பேச வந்தா. மூணு வருஷம் முன்னால புது வைரஸ் கண்டுபிடிச்சதா எழுதினீங்களே, அதுலதான உங்களுக்குப் பேரு? அவ ஏரித் தண்ணியே சேக்காம, வெறும் தண்ணிய வெச்சு அதே சோதனையப் பண்ணிப் பாத்திருக்கா. அதுலயும் அதே வைரஸ். அது ஏரிலயே கிடையாது. சோதனைக்குன்னு நீங்க விலைக்கு வாங்குற ரசாயனத்துலதான் கலந்து இருந்திருக்கு. அவ சோதனை எழுதி வெச்சிருந்த நோட்டை அந்த வெளியூர்ப் பல்கலைக்கழகத்துல படிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன்."

"வெளிய சொல்லாதன்னு கெஞ்சினேன்," என்றார் அவர். "எழுதித்தான் ஆகணும்னு சொல்லிட்டா. தொட்டிப் பக்கம் திரும்பி நின்னா மேடம். குனிஞ்சு தண்ணியப் பாத்துக்கிட்டே சொன்னா. பின்னாலேர்ந்து கழுத்தப் பிடிச்சு அமுக்கிட்டேன்."

"அப்புறம் அவள ஏரில கொண்டுபோய்ப் போட்டுட்டு, தண்ணியக் கொட்டி, பிளீச்சிங் போட்டுத் தொட்டியக் கழுவினீங்க. இந்த எட்டுப் பொட்டலத்த மட்டும் ஏன் சார் விட்டீங்க?"

அவர் ஒரு பொட்டலத்தின் ஓரத்தை விரலால் நேராக்கினார்.

"மடிச்சுத் தேதி போட்டு வெச்சுட்டேன். தூக்கிப் போடணும்னு தோணவே இல்ல."

எஸ்.ஐ. விலங்கை எடுத்தார்.

பகல் 12.15.

தையல்காரன் கையெழுத்துப் போட்டுத் தன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். குழந்தை அவன் தோளில் தூங்கியிருந்தது. வாசல்வரை போனவன் நின்றான்.

"மேடம், அவ வேலை எனக்கு ஒண்ணும் புரியாது. அவ கண்டுபிடிச்சது சரிதானா?"

"சரிதான்."

அவன் தலையாட்டிவிட்டு வெயிலில் இறங்கினான்.