எஞ்சிய மூன்றரை லிட்டர்

அவள் துறைமுகத்தில் முக்குளிக்கும் வேலை செய்பவள். துப்பறிபவரின் அறைக்கு மாடி ஏறி வந்தவள் உட்காரக்கூட இல்லை. ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். பின்னாலேயே வந்த கணவர் நெடிய ஆள். வாசல் நிலையில் குனிந்து நுழைந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"ஆழ்கடல் வேலைக்கு என்னைத்தான் தலைவியா எடுத்திருந்தாங்க. செவ்வாய்க்கிழமை கிளினிக்ல ஊதினேன், நாலு லிட்டர் வந்தது. ஆபீசுக்குப் போன தாள்ல மூணுன்னு இருக்கு. நுரையீரல் கெட்டுப்போச்சாம்!"

"திரும்ப ஊதிக் காட்டலாமே?" என்றார் துப்பறிபவர். காப்பீட்டு நிறுவனத்தில் முப்பது வருடம் பொய்க் காகிதங்களோடு பழகியவர், குரல் உயராது.

"காட்டுவேன். ஆனா மாத்தினது யாருன்னு தெரியணும். இவர்தான் உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே என் கூட்டாளி மேசையில ஒரு மணி நேரம் கிடந்திருக்கு. நான் போகலைன்னா அந்த இடம் அவனுக்கு. நான் கீழே இருக்கும்போது மேலே என் காத்துக்குழாயைப் பிடிக்கறவனும் அவன்தான்."

"அவனேதான், அத்தான்! வயித்தெரிச்சல்!" துப்பறிபவரின் மைத்துனர் துள்ளி எழுந்தார்.

"உட்காரு மச்சான்."

துப்பறிபவர் தாளைப் படித்தார். ஊதிய காற்று 3.0. எஞ்சிய காற்று 3.5. மொத்தம் 6.5.

"எப்படி அளந்தாங்க?"

"மூக்குல கிளிப் மாட்டி, முழுசா இழுத்து, குழாய்ல கடைசிவரை ஊதச் சொன்னாங்க."

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள உட்கார வச்சாங்களா?"

"அந்தச் சின்ன கிளினிக்ல அதெல்லாம் ஏது? கூட்டாளியும் அங்கேதான் ஊதினான். வேற எங்கேயும் போனதில்லை."

மறுநாள் மாலை மூவரையும் வரவழைத்தார். கூட்டாளி அவளைவிடக் குள்ளம்; முகம் சிவந்திருந்தது.

"எவ்வளவு ஊதினாலும் நெஞ்சுக்குள்ள கொஞ்சம் காத்து தங்கிடும்" என்று தொடங்கினார் துப்பறிபவர். "வெளியே வராத காத்தை ஊதற மிஷின் எப்படி அளக்கும்? அதுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில வேற சோதனை இருக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள உட்காரணும். இதை எழுதினவர் அதை யோசிக்கலை. கையில இருந்த ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து வரிக்கு வரி அடிச்சுட்டார். மொத்தம் ஆறரை லிட்டர். இந்தம்மா உயரத்துக்கு அது ரொம்ப அதிகம். இந்தத் தம்பிக்கும் அப்படித்தான். அது ஒரு நெட்டையான ஆம்பளையோட நெஞ்சு. பாதிக்கு மேல காத்து உள்ளேயே தேங்கி, மாடி ஏறினா மூச்சு வாங்கற நெஞ்சு."

எல்லோரும் கணவரைப் பார்த்தார்கள். அவரும் முக்குளித்தவர்தான், இரண்டு வருடத்துக்கு முன் மருத்துவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"ஆமா" என்றார் அவர். "தண்ணியிலேர்ந்து ஏறி வரும்போது அவ சிரிப்பா. முன்னாடி நான் அப்படிச் சிரிச்சவன். கரையில நின்னு அதைப் பார்க்கப் பார்க்க எரிஞ்சது."

அவள் கூட்டாளியிடம், "உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்" என்றாள். பிறகு தாளைக் கணவர் பக்கம் திருப்பினாள்.

"இது உங்க நம்பரா? டாக்டர் ஓய்வெடுக்கத்தான் சொன்னார்னு சொன்னீங்களே?"

"உண்மையைச் சொன்னா நீ போகமாட்டே. சொல்லலைன்னா போயிடுவே. ரெண்டையும் என்னால தாங்க முடியலை."



அதிகாரி முன்னால் அவள் மறுபடி ஊதினாள், நான்கு லிட்டர். அடுத்த நாள் கணவரை நுரையீரல் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை கப்பல் ஏறினாள். வழியனுப்ப வந்த கணவர் கப்பல் மறையும்வரை நின்றார். கையை மட்டும் அசைக்கவில்லை.