கண்ணாடிக் கிணறு

ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த கதையில் ஏதோ ஒரு வரி மாறி வந்ததுபோல் இருந்தது நவமணிக்கு.

கிணற்றுக்குள் தன் உருவத்தையே பார்த்து, வேறொரு சிங்கம் என்று ஏமாந்து குதித்த சிங்கத்தின் கதை அது. அவளுக்கு மனப்பாடம். மகள் செல்லாயிக்கும்தான். பள்ளிக்கூடம் விடுமுறை, தொழிற்சாலையிலும் அன்று வேலையில்லை என்று ஈப்போவிலிருந்து பஸ் பிடித்து மகளைக் கூட்டி வந்திருந்தாள். மூடிப்போன தோட்டம் ஒன்றில், ஒருகாலத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைத்த நீளமான கட்டடத்தை சிறுவர் கதைக் கண்காட்சி ஒன்றுக்காகக் காடாக்கியிருந்தார்கள். அட்டை மரங்கள், பஞ்சு முயல்கள், கடைசி அறையில் கிணறு.

"கதைக்குள்ளயே நடந்து போற மாதிரி இருக்கும்லா," என்று வாசலில் டிக்கெட் கிழித்த ஷரபுதீன் சொல்லியிருந்தார். "கெணத்துல தண்ணி கிடையாது தங்கச்சி. கண்ணாடிதான் போட்டிருக்கு. பயப்படாம போங்க."

மழைக்குப் பயந்தோ என்னவோ வேறு யாரும் வரவில்லை. தகரக் கூரையில் மழை இரைய, பச்சைத் தாள் ஒட்டிய பல்புகளுக்குக் கீழே அட்டை மரங்களின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன.

"முயல் சிங்கத்தைக் கூட்டிக்கொண்டு போனது," என்றது ஒலிபெருக்கி. டேப் கொஞ்சம் இழுத்தது. "பிள்ளை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது."

நவமணி நின்றுவிட்டாள். "செல்லா, இப்ப என்ன சொன்னாங்க?"

"முயல் போச்சுன்னு சொன்னாங்க. வாங்கம்மா."

மழை இரைச்சலில் காது ஏமாற்றியிருக்கும். ஆனால் அந்த வாடை? அடுப்பு அணைந்து எத்தனையோ வருஷம் ஆன கட்டடத்தில் புளித்த ரப்பர் பாலும் புகையும் கலந்த நெடி இன்னும் சுவரோடு ஒட்டியிருப்பது தோட்டத்தில் வளர்ந்த அவளுக்குப் புதிதல்ல. அதற்கும் அடியிலிருந்து, பாசி பிடித்த பழைய தண்ணீரின் குளிர்ந்த வாடை ஒன்று மெல்ல மேலேறி வந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லை என்று அந்த மனிதர் சொன்னாரே.

"போதும்டா. திரும்பிப் போலாம்."

"கெணறு மட்டும் பாத்துட்டு வாரேன்மா!"

வேர்த்திருந்த சின்னக் கை நழுவியது. கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு செல்லாயி அடுத்த அறைக்குள் ஓடினாள்.

நவமணி திரையைத் தூக்கியபோது, அறையின் அந்தக் கோடியில் இருந்த கிணற்றுச் சுவரில் வயிறு பதித்துக் குனிந்திருந்தாள் பிள்ளை.

"அம்மா, உள்ள நீங்க நிக்கிறீங்க."

"கண்ணாடிடா. உன் மொகம்தான் தெரியும்."

"நான் இல்லம்மா. நீங்கதான். கையக் காட்டிக் கூப்பிடுறீங்க."

நவமணி இன்னும் திரையைப் பிடித்தபடி வாசலில்தான் நின்றிருந்தாள்.

"செல்லா, இங்க வா. அங்க பாக்காத!"

செல்லாயி அவள் பக்கம் திரும்பினாள். மறுபடி கிணற்றைப் பார்த்தாள். எந்த அம்மாவை நம்புவது என்று தெரியாதவள்போல.

மின்சாரம் போனது.

டேப் நின்றது. மழை மட்டும். நவமணி கைகளை நீட்டிக்கொண்டு ஓடினாள். அட்டை மரம் ஒன்று முகத்தில் மோதிச் சரிந்தது. சிமெண்டு விளிம்பு தட்டுப்பட்டது. ஈரம். சுற்றிலும் துழாவினாள். பிள்ளை இல்லை.

"செல்லா!"

பல்புகள் நடுங்கி எரிந்தன.

குனிந்தாள். கண்ணாடியில் அவள் முகம் இல்லை.

கண்ணாடிக்கு அடியில் செல்லாயி நின்றாள். அண்ணாந்து. இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அறைந்தாள். வாய் திறந்து மூடியது. அம்மா. அம்மா. சத்தமே இல்லை.

நவமணி கிணற்றுக்குள் கையை நீட்டினாள். எட்டவில்லை. கத்த வாயெடுத்தாள்.

அப்போதுதான் அவளுடைய இன்னொரு கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது. சில்லென்று. சொட்டச் சொட்ட நனைந்து.

"பாத்தாச்சும்மா," என்றது செல்லாயியின் குரல், முதுகுக்குப் பின்னாலிருந்து. "வீட்டுக்குப் போலாம்."

நவமணி திரும்பவில்லை. முடியவில்லை.

கீழே, கண்ணாடியை அறைந்த கைகள் நின்றுவிட்டன. பிள்ளையின் கண்கள் அம்மாவை விட்டு விலகின. அம்மாவின் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தன. பார்த்தபடியே, ஒவ்வொரு அடியாக, செல்லாயி இருட்டுக்குள் பின்வாங்கிக்கொண்டிருந்தாள்.