எங்கள் பெயர் தத்தக்கா

“இது என்ன ஷூவா, காகிதக் கப்பலா? ஒரு மழைக்கே கிழிஞ்சு போச்சு!”

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஒரு பேருந்து ஓட்டுநர் சத்தம் போட்டார். அவர் கையில் ஒரு குட்டி நீல ஷூ இருந்தது. அதன் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. அவர் இடுப்பில் அவருடைய மகள். அவளுக்கு ஒரு காலில்தான் ஷூ இருந்தது.

கடையின் பெயர் ‘தத்தக்கா’. தத்தக்கா பித்தக்கா என்று நடக்கிற வாண்டுகளுக்கு ஷூ தைக்கிற கடை அது. தைப்பவர் மிளகின் அம்மா. தோல் வெட்டுபவர் மிளகின் மாமா. மிளகு என்பது மாமா வைத்த பட்டப்பெயர். “ஆள் இத்தனூண்டு, காரம் அத்தனை!” என்பார்.

அம்மா அந்த ஷூவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இது நான் தைச்சது இல்லையேங்க.”

“நல்லா இருக்கே கதை! உங்க இணையப் பக்கத்துலதான் வாங்கினேன். இந்தாங்க, நீங்களே பாருங்க.” ஓட்டுநர் கைபேசியை நீட்டினார்.

மிளகு எட்டிப் பார்த்தாள். பக்கத்தின் மேலே ‘தத்தக்கா’ என்று இருந்தது. கீழே அவர்கள் கடைப் பலகையின் படம். அவர்களுடைய சின்னமான மஞ்சள் வாத்துப் பாதம்கூட இருந்தது!

“நாம எப்போம்மா பக்கம் ஆரம்பிச்சோம்?”

“நாம எங்கடி ஆரம்பிச்சோம்!” என்றார் அம்மா.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். “அந்தத் தளத்துல ஒரு பேரு ஒருத்தருக்குத்தான். பஸ்ல கைக்குட்டை போட்டு சீட் பிடிக்கிற மாதிரி, முதல்ல வர்றவங்க எடுத்துக்கலாம். நம்ம சீட்ல எவனோ உட்கார்ந்துட்டான் அக்கா!” பிறகு ஓட்டுநரிடம் திரும்பினார். “ஏமாத்தினவன் எவனோ, அவன்கிட்ட போய்க் கேளுங்க சார். நாங்க என்ன பண்ண முடியும்?”

ஓட்டுநரின் முகம் சுருங்கியது. மகள் தன் வெறுங்காலை இன்னொரு காலின் பின்னால் ஒளித்துக்கொண்டாள். மிளகு அதைக் கவனித்தாள்.

“அம்மா, ஷூ நம்மளது இல்லதான். ஆனா நம்ம பேரை நம்பித்தானே வாங்கியிருக்காங்க? தைச்சுக் குடுத்துடலாமே.”

அம்மா ஒரு நொடி மகளைப் பார்த்தார். பிறகு ஊசியில் நூலைக் கோத்தார்.

ஷூவை வாங்கி மாட்டிக்கொண்ட குட்டிப்பெண் கடைக்குள்ளேயே குதித்துப் பார்த்தாள். “கோவத்துல கத்திட்டேன்மா. மனசுல வச்சுக்காதீங்க” என்றார் ஓட்டுநர்.

அவரோடு முடியவில்லை. அடுத்தடுத்த நாள்களில் இன்னும் பலர் வந்தார்கள். ஒருவரின் ஷூவில் பட்டை கழன்றிருந்தது. இன்னொருவருக்கு இரண்டுமே இடது கால் ஷூவாக வந்திருந்தது. “இதைப் போட்டா என் பையன் வட்டமாத்தான் நடப்பான்!” என்றார் அவர். அவர்கள் பேசுவதை எல்லாம் மிளகு பொறுமையாகக் கேட்டாள். அம்மா முடிந்ததைத் தைத்தார், முடியாததற்குப் பசை போட்டார்.

ஒரு மாலை, அடுத்த தெரு மழலையர் பள்ளியின் தலைமை ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். பிள்ளைகள் எல்லோருக்கும் ஷூ தைக்கச் சொல்லியிருந்தவர் அவர்.

“தப்பா நினைக்காதீங்க. உங்க பக்கத்துல அத்தனை பேர் திட்டி எழுதியிருக்காங்க. பெற்றோர் பயப்படறாங்க. இந்தத் தடவை வேண்டாம்.”

அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு வெட்டி அடுக்கியிருந்த தோலைப் பார்த்துக்கொண்டே நின்றார். மிளகுக்குக் கோபம் கோபமாக வந்தது.

“மாமா, அந்தத் தளத்துக்காரங்ககிட்ட புகார் பண்ணலாம். நம்ம பேரையும் வாத்துப் பாதத்தையும் பதிவு செஞ்ச சான்றிதழ் இருக்குல்ல?”

“அடடே, இருக்கே! அதை யாரும் திருட முடியாதே!” மாமா சான்றிதழைப் படம் எடுத்து அன்றே அனுப்பினார்.

தளத்திலிருந்து பதில் வந்தது. மாமா உரக்கப் படித்தார். அந்தப் பக்கத்துக்காரன் தான்தான் உண்மையான தத்தக்கா என்கிறானாம். சந்துக்குள் இருக்கும் கடைதான் போலியாம். அவனால் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள் என்றால் அதற்கு ஆதாரம் வேண்டுமாம்.

“நாம போலியா?” அம்மாவின் கையிலிருந்த சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

மிளகு மேசைமேல் கிடந்த ஷூ ஒன்றை எடுத்தாள். யாரோ சரி செய்யக் கொடுத்துவிட்டுப் போன போலி ஷூ. அடியில் வாத்துப் பாதம் இருந்தது. நகத்தால் சுரண்டினாள். படக்கென்று உரிந்து வந்தது. வெறும் ஒட்டுப்படம்!

அம்மா தைத்த ஷூவைத் திருப்பினாள். அதில் சூடான இரும்பு அச்சால் அழுத்திய பாதம். எவ்வளவு சுரண்டியும் அசையவில்லை.

“அம்மா! ஆதாரம் நம்ம காலுக்குக் கீழேயே இருக்கு!”

மிளகு முதலில் ஓட்டுநரை அழைத்தாள். “அங்கிள், உங்க பாப்பாவோட ஷூ அடியில இருக்கிற வாத்துப் பாதத்தை உரிச்சு ஒரு படம் எடுத்து அனுப்புவீங்களா? அவன்கிட்ட வாங்கின ரசீதும் வேணும்.”

“ஒரு படமா? பத்து அனுப்பறேன்! மத்தவங்ககிட்டயும் சொல்றேன். எங்க பஸ்ல வர்ற பாதிப் பிள்ளைங்க கால்ல உங்க ஷூதான்!”

ஏமாந்தவர்கள் ஒருவர் விடாமல் அனுப்பினார்கள். கூடவே, பல வருடங்களாக அம்மாவிடம் வாங்கியவர்களும் தங்கள் பிள்ளைகளின் ஷூவைப் படமெடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். மாமாவின் கைபேசி ஓயாமல் ‘டிங் டிங்’ என்றது.

மரக்கிளையில் தொங்கியபடி ஒருவன் அடிக்காலைக் காட்டினான். இரட்டையர் இருவர் நான்கு கால்களையும் தூக்கி மல்லாந்து கிடந்தார்கள். ஒரு கைக்குழந்தை வாத்துப் பாதத்தைச் சப்பிக்கொண்டிருந்தது.

“எச்சில் பட்டும் அழியாத முத்திரை! இதைவிட என்ன சாட்சி வேணும்?” மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

போலியையும் அசலையும் மிளகு பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுக்கினாள். சான்றிதழையும் சேர்த்து மாமா எல்லாவற்றையும் அனுப்பினார்.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து வந்த மிளகு, கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே மாமா ஒரு கையில் அளவு நாடாவைச் சுழற்றிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்.

“தூக்கிட்டாங்க மிளகு! அவன் பக்கத்தைத் தூக்கிட்டாங்க! பேரை நமக்கே குடுத்துட்டாங்க!”

அம்மா மிளகை இழுத்துக் கட்டிக்கொண்டார். அவர் கையிலிருந்த பசை அவள் தலைமுடியில் ஒட்டிக்கொண்டது. இருவரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அன்றே மிளகும் மாமாவும் மற்றத் தளங்களிலும் ‘தத்தக்கா’ என்ற பெயரைப் பிடித்துவைத்தார்கள். “இனிமே எல்லா பஸ்லயும் நம்ம கைக்குட்டைதான்!” என்றார் மாமா. மழலையர் பள்ளித் தலைமை ஆசிரியையும் நேரிலேயே வந்துவிட்டார், பின்னால் பிள்ளைகளின் நீண்ட வரிசையோடு.

அந்தக் கூச்சலுக்கு நடுவே புதிய பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. பெயரைப் பிடித்துவைத்திருந்த அதே ஆள்தான்.

“அந்தப் பெயரை எனக்கே விற்றுவிடுங்கள். என்ன விலை?”

மாமா பல்லைக் கடித்தார். அம்மா பதில் சொல்லும்படி மிளகிடம் கைபேசியைக் கொடுத்தார். மிளகு நிதானமாகத் தட்டச்சு செய்தாள்.

“பெயர் விற்பனைக்கு இல்லை. ஷூ இருக்கிறது. தேவைப்பட்டால் நேரில் வாருங்கள், உங்கள் பிள்ளைக்கும் நன்றாகவே தைத்துத் தருவோம்.”

அனுப்பிவிட்டு, வரிசையில் முதலாவதாக நின்ற வாண்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

“எங்கே, காலை நீட்டு பார்க்கலாம்!”