கண் திறந்து கொடுத்த படம்

போடிமெட்டு ஜீப்பிலிருந்து இறங்கி மகாராணி என் போட்டோ ஸ்டுடியோவுக்குள் வந்தபோது மழை பிடித்திருந்தது. மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் பறிக்கிற பெண். செல்போனை நீட்டினாள். அதில் ஒரு கைக்குழந்தை, கழுத்தில் மாலையோடு, கண் மூடிக் கிடந்தது.

"செல்லத்தாய்னு பேருண்ணே. காய்ச்சல்ல போயிருச்சு. மொத முடியெடுக்குறதுக்கு முன்ன போட்டோ எடுத்தா ஆகாதுன்னு ஒண்ணுகூட எடுக்கல. அடக்கத்தன்னைக்கு என் தம்பி எடுத்ததுதான் இது. கண்ணைத் தெறந்து குடுங்கண்ணே. என்னைய ஒருக்கா பாத்தாப் போதும்."

இந்தப் பாழாய்ப்போன வழக்கத்தின் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அதை அவளிடமா காட்ட முடியும்? வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தைப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். தம்பியிடம் பேசி, அசல் படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன்.

"கண்ணு யாரு சாடைம்மா?"

"என் சாடைதாண்ணே."

அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்து அவள் கண்களையே படமெடுத்தேன். அழுது சிவந்த கண்கள். அவளை எதிர் டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, சிவப்பைக் குறைத்து, அளவைச் சுருக்கி, குழந்தையின் இமைகள் மேல் பொருத்தினேன். அச்சு தெளிவாக விழ முந்நூறு டிபிஐ வைத்து, கூர்மையைக் கொஞ்சம் கூட்டினேன். திரையில் குழந்தை விழித்து என்னை நேராகப் பார்த்தது. அவசரமாகப் பிரிண்ட் கொடுத்தேன்.

முதல் பிரிண்ட்டில் கண்ணுக்குக் கீழே ஈரமாக இருந்தது. மை ஊறுகிறது என்று தாளைத் திட்டிக்கொண்டே வேறு தாள் போட்டேன். அதிலும் ஈரம். விரலால் தொட்டுப் பார்த்தேன்.

விரலில் நிறம் ஒட்டவில்லை.

வெறும் தண்ணீர். வெதுவெதுப்பாக இருந்தது.

கடையில் மை வாசனை போய், வசம்பும் பாலும் கலந்த பச்சைப்பிள்ளை வாசனை அடித்தது. மூன்றாவது பிரிண்ட் வெளியே வந்து விழுந்ததும் சிணுங்கல் கேட்டது. மெஷின்தான் என்று நினைத்தேன்.

மெஷின் நின்றுபோயிருந்தது.

வாசலில் மகாராணி. அவளுக்கும் கேட்டிருக்கிறது! ஓடிவந்து அந்த மூன்றாவது படத்தை அள்ளித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அழுகாத தங்கம்... அம்மா வந்துட்டேன்ல."

தாளின் முதுகைத் தட்டித் தட்டிக் கொடுத்தாள். சிணுங்கல் அடங்கியது. படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். ஈரமும் காய்ந்திருந்தது.

"எம்மக என்னையப் பாக்குறாண்ணே," என்றாள் மெதுவாக.

அவளுடைய அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை. திரும்பிக்கொண்டேன். கடைசி ஜீப்பு போயிரும் என்று படத்தை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு வெரசாகப் போய்விட்டாள்.

கழித்த இரண்டு பிரிண்ட்டும் என் மேசைக்கடியில் கிடந்தன. ஜீப் சத்தம் ஓய்ந்ததும் அங்கிருந்து அழுகை கிளம்பியது.

ஒரே குரல். இரண்டு இடத்திலிருந்து.

போன் போட்டேன். மலையேறிவிட்டால் அவளுக்கு ஏது சிக்னல்? பெற்றவள் மாதிரி இரண்டையும் தோளில் போட்டுத் தட்டினேன். அடங்கவில்லை. சட்டை நனைந்ததுதான் மிச்சம். கிழித்துப் போட்டுவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். ஐயோ, எந்தக் கையால் கிழிப்பேன்? மேசைமேல் கிடத்தினேன்.

நேராகப் பார்க்கும்படி நான் வைத்த கண்கள் இரண்டு படத்திலும் திரும்பியிருந்தன. வாசல் வழியே, போடிமெட்டுக்கு ஏறுகிற ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.