இரண்டு பூஜ்யத்தில் முடிகிறவர்கள்

அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், முன்பு வார்டாக இருந்த ஒரு நீள அறையில் இருந்தது. கட்டில்களை எடுத்துவிட்டு மேசைகளைப் போட்டிருந்தார்கள், மற்றதெல்லாம் அப்படியே. குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கொக்கிகளில் நாங்கள் பைகளை மாட்டினோம். தரையில் கட்டில் சக்கரங்கள் தேய்த்த கோடுகள். எத்தனை முறை துடைத்தாலும், மதியம் ஆனதும் பினாயிலுக்கு அடியிலிருந்து ஒரு வாடை மெல்ல எழும். ஈரத்துணியைச் சுருட்டி வைத்து மறந்துபோன வாடை. ஏசி போட்டால் அதே வாடை குளிர்ச்சியாக வரும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் மேலாளர், எனக்கு நாற்காலி இன்னும் வரவில்லை, பார்க்கலாம் என்றார். எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பார். அதனால் அவருக்குப் பெயரே பார்க்கலாம் சார். மூன்றாவது வாரம் நாற்காலி வந்தது, இரண்டாக. ஒன்றில் நான் உட்கார்ந்தேன். மற்றது பக்கத்தில் சும்மா கிடந்தது.

அந்தக் கட்டடத்தை எனக்கு முன்பே தெரியும். எட்டு மாதத்துக்கு முன் என் அண்ணன் அதன் தரைத்தளத்தில், புறநோயாளிகள் கூடத்தில், மூன்றாம் வரிசையின் கடைசி நீல நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனான். அங்கேயே போய் ஏன் வேலைக்குச் சேர்ந்தாய் என்று சொந்தக்காரர்கள் உருகி உருகிக் கேட்டார்கள். வேறு யாரும் கூப்பிடவில்லை, அதுதான் காரணம்.

அன்று நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று அவன் தனியாகப் போயிருந்தான். போனதும் எனக்குச் செய்தி அனுப்பினான்: "வந்துட்டேன். கீழதான் உட்கார்ந்திருக்கேன். நீ வா." நான் கல்லூரி கேன்டீனில் எங்கள் துறைத்தலைவர் தும்முவதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம், நல்ல சிரிப்பு. "அஞ்சு நிமிஷம்" என்று பதில் போட்டேன். நாற்பது நிமிஷம் ஆனது. அதற்குள் அவனுடைய முப்பத்தெட்டாம் டோக்கனை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் எழுந்து வராததால் முப்பத்தொன்பதைக் கூப்பிட்டார்கள்.

எனக்குக் கிடைத்த முதல் வேலை, நோயாளிகளுக்கு மறுநாள் சந்திப்பை நினைவூட்டும் நிரலை ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக எழுதுவது. சிக்கல் இறந்தவர்களால் வந்தது. ஒருவரின் பதிவை அழிக்க மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். இறந்தவர் என்று குறிக்க நோயாளி எண்ணின் கடைசியில் -00 சேர்க்க ஒருவரும் போட வேண்டாம். ஆகவே அங்கே செத்தவர்கள் யாரும் அழிக்கப்பட்டதில்லை. இரண்டு பூஜ்யத்தை வாங்கிக்கொண்டு, முடியாத சந்திப்பு தினமும் மறுநாளுக்குத் தள்ளிப்போக, உயிரோடிருப்பவர்களின் பட்டியலிலேயே காத்திருந்தார்கள். அண்ணனின் எண் 4471-00.

அப்படி முடிகிற எண்களை விலக்க ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் போதும். எண் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஒற்றை வரி அது. பொருந்தினால் உள்ளே, பொருந்தாவிட்டால் வெளியே. நான் எழுதியது இது:

/^.*(?!-00)$/

எது வேண்டுமானாலும் வரட்டும், -00 வரக் கூடாது, அத்தோடு முடியட்டும். வாசிக்க லட்சணமாகத்தான் இருந்தது. உயிரோடிருக்கும் ஐந்து பேரின் எண்களைக் கொடுத்துப் பார்த்தேன். ஐந்தும் உள்ளே போயின.

இரண்டு பூஜ்யத்தில் முடியும் எண் ஒன்றையும் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றுதான். அதைத் தட்ட விரல் போகவில்லை. எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்று சாரிடம் சொல்லிவிட்டேன்.

பிற்பகல் மூன்று மணிக்குச் செய்திகள் போயின. நாலு மணிக்கு அம்மா கூப்பிட்டாள். அண்ணனின் போனுக்கு இன்றும் தினமும் சார்ஜ் போடுகிறவள்.

"அவனை நாளைக்குப் பதினோரு மணிக்கு வரச் சொல்லி வந்திருக்குடா."

தப்பாக வந்தது, அழித்துவிடு என்றேன். அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"வர்றதா இருந்தா ஒண்ணை அமுக்கணுமாமே. நான் தொடவே இல்லடா. பதில் போயிருக்கு."

அப்போதுதான் அந்த வரியை ஒழுங்காகப் படித்தேன். ஆரம்பத்தில் இருக்கும் .* முழு எண்ணையும் விழுங்கிவிடுகிறது. -00 வருகிறதா என்று பார்க்க வேண்டிய பகுதி அதற்குப் பிறகு, எல்லாம் முடிந்த இடத்தில், வெறும் காற்றைப் பார்க்கிறது. கடைசி ஆளும் உள்ளே போன பின் வாசலுக்கு வந்து, வெளியே யாருமே இல்லையே என்று சொல்லும் காவலாளி. அவன் ஒருத்தரையும் தடுக்கவில்லை. இரண்டு பூஜ்யத்தில் முடிகிற முந்நூற்றுப் பத்தொன்பது பேருக்கும் செய்தி போயிருந்தது.

முந்நூற்றுப் பத்தொன்பது பேரும் ஒன்றை அமுக்கியிருந்தார்கள்.

சாரிடம் ஓடினேன். இத்தனை பேர் வருவதாக உறுதிசெய்தது இதுவே முதல் முறை என்று அவர் பூரித்துப் போயிருந்தார். அவர்கள் செத்தவர்கள் சார் என்றேன். சற்று யோசித்தார்.

"எண்ணிக்கை மேலிடத்துக்குப் போயிடுச்சுப்பா. நாளைக்கு முடியட்டும், பார்க்கலாம்."

மறுநாள் பதினொன்றுக்கு வரவேற்பு அக்கா என்னைக் கீழே கூப்பிட்டார். டோக்கன் இயந்திரம் தானாக அச்சடித்துக்கொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில். கூடத்துக்குள் மட்டும் எங்கள் அறையின் வாடை, அதே குளிர்ச்சி. ஒரு நாற்காலியில்கூட ஆள் இல்லை. நோயாளிகள் சுவரோரமாக நின்றார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

"யாரும் உட்கார மாட்டேங்குறாங்க தம்பி," என்று அக்கா என் காதருகே சொன்னார். "கேட்டா, ஆள் இருக்காங்களேன்னு சொல்றாங்க."

நீல மெத்தைகளைப் பார்த்தேன்.

எல்லாம் அமுங்கியிருந்தன.

எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. இன்னொன்று அதற்குப் பதில் சொன்னது. ஒலிபெருக்கி முப்பத்தெட்டைக் கூப்பிட்டது. மறுபடி கூப்பிட்டது. மூன்றாம் முறையும்.

மூன்றாம் வரிசைக் கடைசி மெத்தை எழவில்லை.

என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அண்ணனின் எண்.

"வந்துட்டேன். கீழதான் உட்கார்ந்திருக்கேன். நீ வா."

பத்தடி தூரம். இந்த முறை கேன்டீன் இல்லை, சிரிக்கக் கூட்டம் இல்லை, சாக்கு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. பத்தடி நடந்தால் போதும்.

"அஞ்சு நிமிஷம்" என்று தட்டிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

/^(?!.*-00$).*$/

இப்போது காவலாளி முதலிலேயே வாசலில் நிற்கிறான். வருகிறவரின் கடைசி வரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வழி விடுவான். இந்த முறை முறைப்படி சோதித்தேன். 4471-00 என்று ஒவ்வொரு இலக்கமாகத் தட்டினேன். பொருந்தாது என்றது திரை. அண்ணனைச் சொந்தத் தம்பியே வெளியே தள்ள ஒரு வரி போதுமானதாக இருந்தது, அதில் ஒரு பிழையும் இல்லை. அன்றைய பட்டியலைத் திரும்ப ஓட்டினேன்.

அக்கா போனில் வந்தார். இயந்திரம் நின்றுவிட்டதாம். குழந்தைக்காரி முதலில் உட்கார்ந்தாளாம், அவளைப் பார்த்து மற்றவர்களும். மூன்றாம் வரிசைக் கடைசியில் என்று கேட்டேன். அங்கேயும் ஒரு பெரியவர் உட்கார்ந்துவிட்டார் தம்பி என்றார். மூச்சு விட்டேன்.

போன் காதிலிருக்கும்போதே ஒருமுறை அதிர்ந்தது.

"சரி. நானே மேல வரேன்."

அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. பட்டியல் சுத்தமாகப் போகிறது. சார் என்னைப் பாராட்டிச் சம்பள உயர்வைப் பற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

நேற்றுக் காலை எங்கள் பிரிவில் ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். நாற்காலி இன்னும் வரவில்லை, பார்க்கலாம் என்று சார் அவளிடமும் சொன்னார். என் பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். மதியம் ஆகவில்லை; அதற்குள் அந்த வாடை எழுந்திருந்தது. அவள் நாற்காலியைப் பார்த்து மரியாதையாக ஒரு புன்னகை செய்தாள். பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு நின்றுகொண்டாள்.

"பரவால்ல," என்றாள். "ஆள் இருக்காங்களே."

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அஞ்சு நிமிஷம்," என்றேன். அவளிடம் இல்லை.