பால் பண்ணையின் எஞ்சின் புகை

"டீச்சர், நீங்கதான் காப்பாத்தணும்" என்று வாசலிலேயே நின்று கும்பிட்டான் நல்லகாமன். அது 1983. திருமங்கலத்துக்கு அருகே ஒரு பால் பண்ணையில் சாண எரிவாயு எஞ்சினை ஓட்டுபவன் அவன். அந்த எஞ்சின் மின்சாரம் தரும். அதன் சூட்டிலேயே கேன் கழுவ வெந்நீரும் காயும்.

முந்தின நாள் மதியம், புகைக்குழாயை ஒட்டிய அறையில் குமாஸ்தா சுருளி மயங்கிக் கிடந்தான். நச்சுப்புகை என்றார் டாக்டர். இன்னும் கண் திறக்கவில்லை.

"கேஸ் தீந்து பதினொன்னே காலுக்கே எஞ்சின் நின்னு போச்சு, டீச்சர். யாரும் நம்ப மாட்டேங்கிறாக. முதலாளி போலீசுக்குப் போறேங்கிறாரு."

மிஷன் பள்ளியில் வேதியியல் நடத்தும் பாக்கியமேரி செருப்பை மாட்டுவதற்குள், அவள் கணவர் ஆரோக்கியநாதன் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார்.

பண்ணையில் அந்த அறைக்குள் நுழைந்ததும் அவர் சுவரைக் காட்டினார். "மேரி, விரிசல்! புகை இது வழியாத்தான் வந்திருக்கு."

நல்லகாமன் ஓடிப்போய் விரிசலைத் தடவிப் பார்த்தான்.

பாக்கியமேரி விரிசலைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே காலில் நின்றிருந்தது. "இது கரண்டுல ஓடுறதா?"

"ஆமா. எஞ்சின் ஓடுனாத்தான் இந்த ரூமுக்குக் கரண்டு" என்றார் முதலாளி காசிமாயன். "நேத்திலருந்து நான் எஞ்சினைத் தொட விடலை."

"சுருளியைக் கடைசியா நல்லபடியா பாத்தது யாரு?"

"நான்தான்" என்றாள் கேன் கழுவும் பாண்டியம்மாள். "பன்னெண்டு மணிச் சங்கு ஊதுனப்புறம் பேசிக்கிட்டிருந்தாரு. மழைச் சாரல்னு கதவு, சன்னல் எல்லாம் சாத்திக்கிட்டாரு."

"அப்போ எஞ்சின் நின்னு முக்கால் மணி நேரம் ஆகிருச்சு. புகை அதோடது இல்லை." பாக்கியமேரி மேசைமேல் மடித்திருந்த போர்வையை விரித்தாள். ஒரு முனை கூர்மையாக, தோணி வடிவில் கருகியிருந்தது. கீழே கொஞ்சம் சாம்பல். "கரி இஸ்திரிப் பெட்டி எங்கே, பாண்டியம்மா?"

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "என்னோடதுதாம்மா. சாயங்காலம் பொண்ணு பாக்கப் போகணும், சட்டை தேய்க்கணும்னு கேட்டாரு. மயங்கிக் கிடந்ததைப் பாத்ததும், போர்வை கருகுனதுக்கு முதலாளி திட்டுவாருன்னு பயந்து ஒளிச்சு வச்சுட்டேன்."

"உள்ளே கரி கனிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. காத்து வராத ரூம். கரியிலருந்து வர்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது, அவருக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள் பாக்கியமேரி.

காசிமாயன் தலை குனிந்தார். "நல்லகாமா, மனசுல வச்சுக்காதய்யா."

டாக்டரிடம் சொல்ல ஸ்கூட்டரில் பறந்த ஆரோக்கியநாதன் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். "கண் முழிச்சுட்டான்! பொண்ணு வீட்டுக்காரங்களும் ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாங்க. சம்மதமாம்!"

நல்லகாமன் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"நேத்திலருந்து பச்சத்தண்ணி இறங்கலை, டீச்சர். இப்பத்தான் பசிக்குது."